சோற்றுக் கணக்கு வேறு, முதல் கணக்கு வேறு: செட்டிநாட்டு ஊர்களில் ஏழைக் குடும்பங்கள் சொந்தக் காலில் நிற்க உதவும் பக்திக் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2020 ஊரடங்கு வரைக்கும் எங்கள் குழுவுக்கு ஒரே வேலைதான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரைக்கும், அதன் பின்னால் வரும் கூட்டத்துக்கும் வழியில் மோரும் சுக்குக் காபியும் கொடுப்போம். ஊரடங்கு வந்ததும் அதே பாத்திரம், அதே ஆட்கள், அதே வாட்ஸ்அப் குழுவோடு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பை கட்டிக் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொண்டுபோனோம். 2021-ல் இரண்டாம் அலையின்போதும் போனோம். அதன் பிறகும் மாதம் ஒருமுறை தொடர்ந்தது.

ஒரு நாள் வரிசையில் நின்ற பெண் பையை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அண்ணே, அடுத்த மாசமும் குடுப்பீங்களா? குடுப்பீங்கன்னா நான் புள்ளையப் பாத்துக்கிட்டு வீட்ல இருப்பேன். இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, செங்கச்சூளைக்கு அட்வான்ஸ் வாங்கணும்."

அவர் இரக்கத்தை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. தன் குடும்பத்துக்குத் திட்டம் போட அவருக்கு ஒரு தேதி தேவைப்பட்டது, அதைத்தான் கேட்டார். எங்களிடம் தேதி இல்லை. அடுத்த மாதம் எவ்வளவு பணம் வசூலாகும் என்பது எங்களுக்கே தெரியாது. அன்று ராத்திரி குழுவில் பேசியதிலிருந்து தொடங்கியதுதான் இப்போது நாங்கள் செய்யும் வேலை. கோயிலை ஒட்டியோ, பள்ளிவாசலை ஒட்டியோ, கிறிஸ்தவப் பங்குக் கோயிலை ஒட்டியோ இதுபோல ஒரு குழு வைத்திருப்பவர்கள் எங்கள் தவறுகளைத் திரும்பச் செய்யாமல் இருக்க, படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டு பேரேடு வாங்குங்கள்

கடைக்குப் போய் நீளமான இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்றில் 'சோறு' என்று எழுதுங்கள், இன்னொன்றில் 'முதல்', அதாவது தொழில் மூலதனம், என்று எழுதுங்கள். மற்ற எல்லாப் படியும் இதிலிருந்துதான் வருகிறது.

சோற்றுக் கணக்கில் போவது தானம். பசி, மருந்து, பிரசவம், சாவு, தீப்பிடித்த குடிசை ஆகியவை அதில் வரும். அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது, அதற்காக யாரையும் நன்றி சொல்ல வைக்கவும் கூடாது. முதல் கணக்கில் போவது தொழிலுக்கான பணம். அது திரும்பி வர வேண்டும், ஏனென்றால் அது அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய பணம். இரண்டையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் கெட்டுவிடும். சோற்றுக்குக் கணக்குக் கேட்டால் கொடுத்தவனின் புண்ணியம் போகிறது. முதலைத் திருப்பிக் கேட்காமல் விட்டால் வாங்கியவரின் மரியாதை போகிறது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. இந்த மண்ணில் மகமை என்று ஒன்று உண்டு, வியாபாரத்தில் வரும் தொகையில் ஒரு சிறு பங்கைத் தருமத்துக்கென ஒதுக்குவது. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் தண்டாயுதபாணி கோயில் பணம் கடைகளில் புழங்கி, வட்டியோடு கோயிலுக்குத் திரும்பியிருக்கிறது. சாமி பெயரில் கணக்கு இருந்தது. சாமி பணம் என்பதாலேயே அதைக் கேட்பார் இல்லாமல் விட்டுவிடவில்லை. அந்தக் கணக்கில் இன்னும் அதிகக் கண்டிப்பு இருந்தது.

இஸ்லாமிய நண்பர்களிடம் பேசியபோது இந்தப் பிரிவு இன்னும் தெளிவாகவே கிடைத்தது. ஜகாத் என்ற கட்டாய தானம் சேமிப்பில் நூற்றுக்கு 2.5. அதை வாங்கத் தகுதியுள்ளவர்கள் 8 வகையினர். கொடுத்த பொருள் வாங்கியவருக்கே சொந்தமாகிவிட வேண்டும் என்று பல உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்கள். அதனால் ஜகாத் பணத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டத்தில் கலக்க முடியாது. சுழலும் பணத்துக்கு 'அழகிய கடன்' என்ற வட்டியில்லாக் கடன் தனியாக இருக்கிறது. உங்கள் பைத்துல்மாலில் (பள்ளிவாசல் பொது நிதியில்) எது எந்தப் பேரேட்டில் வரும் என்று ஜமாஅத்தின் மார்க்க அறிஞரான ஆலிமிடம் முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாசகம் கேட்டு வந்தவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகள் நாயகம் இரண்டு திர்ஹத்துக்கு (வெள்ளிக் காசுக்கு) ஏலம் விட்டார்கள் என்று ஒரு ஹதீஸ் (நபிமொழி) உண்டு. ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, இன்னொரு திர்ஹத்துக்குக் கோடரி. 15 நாள் விறகு வெட்டி விற்றுவிட்டு வரச் சொன்னார்கள். அவர் 10 திர்ஹத்தோடு வந்தார். அந்த இரண்டு திர்ஹமும் எங்கள் இரண்டு பேரேடும் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். உணவு முதலில், கோடரி அடுத்து, இரண்டும் ஒரே நாளில்.

இரண்டாம் படி: யார் போவது, எப்படிப் போவது

7 பேர் போதும். அதில் 3 பேராவது பெண்களாக இருக்கட்டும். ஒருவருக்குக் கணக்கு எழுதத் தெரிய வேண்டும். ஒருவராவது அந்தத் தெருவிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் என்பதற்காக யாரையும் சேர்க்காதீர்கள்.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள். 1833-ல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு இன்றும் நம் ஊர்ப் பங்குக் கோயில்களில் வீடு சந்திப்பை இப்படித்தான் நடத்துகிறது. ஒருவர் பேச, இன்னொருவர் கவனிக்கலாம். தனியாகப் போகிறவரைப் பற்றி ஊர் பேசும் பேச்சுக்கும் இடம் இருக்காது.

ஒரு விதியை நாங்கள் எழுதியே வைத்திருக்கிறோம்: போகும் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர் குழுவில் வேண்டாம். நம் ஊர்களில் உதவி தேவைப்படும் வீடுகள் பெரும்பாலும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். வாசலில் நின்றபடி பையை நீட்டிவிட்டு வருவது கோயில் பெயரில் செய்யும் அவமானம். உள்ளே போங்கள், பாயில் உட்காருங்கள், கொடுக்கும் டீயைக் குடியுங்கள்.

இரண்டாவது விதி சாமி பற்றியது. நாங்கள் முருகன் பெயரைச் சொல்லிக் கூடுகிறவர்கள், அதை மறைப்பதில்லை. அந்தப் பெயர் எங்களுக்குக் கட்டுப்பாடு, வாங்குகிறவருக்கு நிபந்தனை அல்ல. கொடுக்கும் இடத்தில் பிரசங்கம் இல்லை, துண்டுப்பிரசுரம் இல்லை, திருநீறு பூசச் சொல்வதும் இல்லை. சிலுவை போட்டவரும் தொப்பி போட்டவரும் ஒரே பேரேட்டில் வருவார்கள். இதில் சந்தேகம் உள்ள குழு இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. பசித்தவரின் நம்பிக்கையோடு பேரம் பேசுவதை எந்தச் சாமியும் ஏற்காது.

மூன்றாம் படி: புளியங்கொட்டைக் காலண்டர்

கணக்கெடுப்புப் படிவம் அச்சடித்துக்கொண்டு போகாதீர்கள். 'மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல, அவர்களுக்கு மாத வருமானம் என்ற ஒன்றே கிடையாது என்பதற்காக.

நாங்கள் செய்வது இது. திண்ணையிலோ, வேப்பமரத்தடியிலோ கோலமாவால் 12 கட்டம் போடுகிறோம். சித்திரை, வைகாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை. "அக்கா, போன சித்திரையில எத்தனை நாள் வேலை கெடச்சுச்சு? ஒரு நாளுக்கு ஒரு கொட்டை வைங்க." முதலில் சிரிப்பார்கள். பிறகு கொட்டையை எண்ணி வைக்கத் தொடங்கியதும் பேச்சு வேறாகிவிடும். ஐப்பசிக் கட்டத்தில் நாலு கொட்டை வைத்த ஒரு அம்மா, அதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அது மழையில பாதியில அனுப்பிட்டாங்க, கூலி குடுக்கல" என்றார். அந்த ஒரு கொட்டை சொன்னதை எந்தப் படிவமும் சொல்லியிருக்காது.

வேலைக்குப் புளியங்கொட்டை வைத்து முடித்ததும், செலவுக்குச் சின்னக் கல் வைக்கச் சொல்லுங்கள். ஆனியில் பள்ளிக்கூடம் திறப்பதால் கல் குவியும். மாசி, பங்குனியில் குலதெய்வம், பால்குடம், மொய். மொய்யைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில் மொய் விருந்து வைத்து ஒரு குடும்பம் வட்டியில்லாமல் பெரிய தொகை திரட்டுவதும், பிறகு வருடக்கணக்கில் திருப்பிச் செய்வதும் வழக்கம். 'எழுதி வாங்கு, எழுதித் திருப்பு' என்ற ஒழுக்கம் ஏழைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறவர்கள் ஒரு மொய் நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

கொட்டை குறைந்து கல் நிறைந்த மாதங்கள் எவையோ, அவைதான் அந்த வீடு கடன் வாங்கும் மாதங்கள். வானம் பார்த்த இந்தப் பூமியில் பெரும்பாலும் அது இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று கண்மாய் வற்றி வயல் வேலை இல்லாத கோடை. இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கட்டடம், சூளை, கரிமூட்டம், ஓலை காயவைப்பது எல்லாம் அப்போது நின்றுவிடும். அந்தப் படத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் வேண்டாம், தரை மட்டும். பின்னால் தவணை போடும்போது அதுதான் ஆதாரம்.

நான்காம் படி: ஏற்கெனவே அவர்களுக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுங்கள்

இதைக் குழுக்கள் தாண்டிப் போய்விடுகின்றன. இதற்கு வசூல் தேவையில்லை, ஸ்கூட்டர் பெட்ரோலும் பொறுமையும் போதும்.

சித்தாள், கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா, பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு உதவி முதல் விபத்து உதவி வரை அதில் வரும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். விதவை, முதியோர் ஓய்வூதியம் விண்ணப்பத்தில் நிற்கிறதா, நிராகரித்தார்களா, ஏன் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. அந்த 20 ரூபாயைச் சோற்றுக் கணக்கிலிருந்து போட்டாலும் தகும்.

ஒரு பெண்ணின் ஓய்வூதிய விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், கணவரின் இறப்புச் சான்றிதழில் இன்னொன்று. எழுத்து திருத்த 5 மாதம் அலைந்தோம். அதன் பிறகு மாதாமாதம் வரும் அந்தத் தொகை, நாங்கள் கொடுத்த எந்த அரிசிப் பையைவிடவும் நீண்ட காலம் அவர் வீட்டில் உலை ஏற்றும்.

ஐந்தாம் படி: கடனை முதலில் பாருங்கள்

தொழிலுக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த வீட்டின் கடன் எவ்வளவு என்று தெரிய வேண்டும். வாரக் குழு, நாள் வட்டி, அடகு, சூளை அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து. இதைப் பலர் முன்னால் கேட்காதீர்கள்.

நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு வரம்பு போட்டது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதே அளவுகோலை நாமும் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பாதியைத் தாண்டிய வீட்டில் நம் பணம் தொழிலுக்குப் போகாது, செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து நிற்கும் வசூல் ஆளுக்குத்தான் போகும். கந்து வட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் இருக்கும் ஏழை தனியாகப் புகார் கொடுக்கத் துணிய மாட்டார், துணைக்கு நாம் போக வேண்டும்.

தனியாரிடம் அடகில் இருக்கும் நகையைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்றிக் கொடுப்பது மட்டுமே சில வீடுகளுக்குப் போதுமான உதவி. வட்டியில் மிச்சமாகும் பணமே முதலாகிவிடும்.

ஆறாம் படி: தொழிலை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்

எங்கள் பெரிய தவறு இங்கேதான். ஒரு அன்பர் பணம் கொடுத்தார், நாங்கள் 8 தையல் மெஷின் வாங்கினோம். மண்டபத்தில் பூ வைத்து, குங்குமம் வைத்து, படம் எடுத்துக் கொடுத்தோம். 10 மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஐந்து வீட்டில் மெஷின் மேல் துணி மூட்டை. ஒரு மெஷின் அடகில். தைப்பவர்கள் இருவர்தான், அவர்கள் எங்களுக்கு முன்பே தைத்துக்கொண்டிருந்தவர்கள். அந்தத் தெருவுக்குத் தேவையான ரவிக்கையைத் தைக்க ஏற்கெனவே ஆள் இருந்தது. பயிற்சி கொடுத்தவர் 15 நாளில் போய்விட்டார், பெண்களுக்குத் துணி வெட்டத் தெரியவில்லை. கொடுப்பவருக்குத் தையல் மெஷின் பிடிக்கும், படத்தில் நன்றாகத் தெரியும். வாங்குகிறவரை நாங்கள் கேட்கவே இல்லை.

கேட்க வேண்டியது மூன்று. இந்த வேலையில் உங்கள் கைக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? வாங்கப் போகிறவர் யார், அவர் பெயரைச் சொல்ல முடியுமா? புளியங்கொட்டை குறைந்த மாதத்தில் இது ஓடுமா?

கொட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் வெற்றிலை பாக்கும் பலகாரமும் வைத்துக் கொடுக்கும் பனையோலைக் கூடை. பிளாஸ்டிக் வந்த பிறகு மங்கிப்போய், பிறகு மீட்டெடுக்கப்பட்டு, புவிசார் குறியீடும் பெற்றது. சென்ற ஆண்டு ஒரு அம்மா முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, கத்தி முனையால் ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுத்து நிழலில் விரித்திருந்தார். முடையும்போது பக்கத்தில் ஒரு ஈரத் துணி. ஓலை காய்ந்திருந்தால் மடிக்கும் இடத்தில் ஒடிகிறது, ரொம்ப நனைந்தால் பூசணம் பிடிக்கிறது. துணியில் சுற்றி வைத்து, இரண்டிரண்டாக உருவி, அடிப்பக்கத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கட்டம் கட்டமாக ஏற்றினார். ஆள்காட்டி விரல் நுனியில் கோடு கோடாக ஓலை அறுத்த தழும்பு. "மழை மாசத்துல என்ன செய்வீங்க ஆத்தா?" என்றேன். "ஓல காயாதுப்பா. ஆவணியிலயே காயவச்சு, பரண்ல கட்டி வச்சிட்டா அடமழையில ஒக்காந்து முடையலாம். அதுக்குக் கையில காசு வேணும்ல?" என்றார்.

அவருக்குத் தேவைப்பட்ட முதல் அதுதான். ஆவணியில் ஓலை வாங்கிச் சேர்க்க ஒரு தொகை, தை முகூர்த்தத்தில் கூடை விற்றுத் திருப்பும்படி. இதை நாங்கள் யோசித்து ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

கணக்கையும் சேர்ந்து போடுங்கள். எடுத்துக்காட்டுக்கு: ஒரு கொட்டானுக்கு ஓலை, சாயம், விறகு, பஸ் எல்லாம் சேர்த்து 20 ரூபாய் ஆகிறது, 70 ரூபாய்க்கு விற்கிறது, முடைய இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 20 ரூபாய்தான் நிற்கிறது. எட்டு மணி நேரம் முடைந்தாலும் 160 ரூபாய். இது பகுதி நேரத்துக்குச் சரி, இதையே நம்பிக் கூலி வேலையை விடச் சொன்னால் பாவம். விலை ஏறும் வேலைப்பாடு கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது நடுவில் இருப்பவரைக் குறைக்க வேண்டும். கையில் உழைப்பவரின் நேரத்துக்கு விலை போடாத திட்டம் எதுவாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

பலகாரம் இன்னொரு வழி. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டைக்கு வெளியூரில் இருக்கும் நம்மவர்களிடம் தேவை உண்டு. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்கள், பாக்கெட்டில் தயாரித்த தேதியும் எடையும் போடுங்கள். எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச விடாதீர்கள். ஒரு தடவை காறல் வாடை அடித்தால் ஒரு வருட வாடிக்கை போய்விடும்.

பையன்களுக்கு, கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்கும் பழைய பெட்டியடி முறையைப் போல நல்லது எதுவும் இல்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகிப் பிறகு தனிக் கடை வைத்தவர்கள்தான் இந்தச் சீமையின் பெரிய வீடுகளைக் கட்டினார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றிப் பூப்போடும் கை ஒரு வாரப் பயிற்சியில் வராது. அச்சைத் தூக்கும்போது வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் பையன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? அங்கேதான் சோற்றுக் கணக்கு கைகொடுக்கிறது. கற்றுக்கொள்ளும் காலம் முழுக்க அரிசிப் பை போகும், முடியும் தேதியும் முதல் நாளே எழுதியிருக்கும். அந்தச் சூளைப் பெண் கேட்டாரே, அந்தத் தேதி.

ஆடு, மாடு பற்றி ஒரு வரி: மேய்ச்சல் இடமும் கால்நடை மருத்துவரும் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகே.

ஏழாம் படி: முதல் கொடுக்கும் முறை

சிறியதாகத் தொடங்குங்கள். நாங்கள் முதல் முறை 3,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை. அது திரும்பியதும் இரண்டாவது முறை கூடுதலாக. வட்டி இல்லை, ஆனால் தவணை உண்டு. தவணையைப் புளியங்கொட்டைப் படத்தைப் பார்த்து வைக்கிறோம். கொட்டை நிறைந்த மாதத்தில் கூடுதல், வறண்ட மாதத்தில் ஒன்றும் இல்லை. வாராவாரம் வசூல் செய்வது வசூலிப்பவருக்கு வசதி, கட்டுபவருக்கு நரகம்.

கணக்கு இரண்டு இடத்தில் எழுத வேண்டும், எங்கள் பேரேட்டிலும் அவர் கையில் உள்ள சின்ன நோட்டிலும். எழுதத் தெரியாதவர் நோட்டை அவர் பிள்ளை எழுதட்டும். மண்டபத்தில் கொடுக்காதீர்கள், வீட்டில் கொடுங்கள். போட்டோ வேண்டாம். கொடுத்தவர் படம் கேட்டால் பொருளைப் படம் எடுத்து அனுப்புங்கள், முகத்தை அல்ல. முகத்தைப் பேனரில் போட்ட பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படி உட்காரும்?

திரும்பாத பணமும் இருக்கும். நோய் வரும், ஆடு சாகும், புருஷன் எடுத்துக்கொண்டு போவான். அப்போது சும்மா விட்டுவிடாதீர்கள், விரட்டவும் செய்யாதீர்கள். குழு கூடி, என்ன நடந்தது என்று கேட்டு, அந்தத் தொகையை முதல் பேரேட்டில் கழித்துச் சோற்றுப் பேரேட்டில் ஏற்றுங்கள். அப்படி ஏற்றியதை அந்த வீட்டுக்கும் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் அப்படி ஒரு பதிவு இருக்கிறது: "கணவர் டயாலிசிஸ். மீதி 1,800 சோற்றுக்கு மாற்றம். பாக்கி இல்லை." அந்த அம்மா ஒரு வருடம் கழித்து இட்லி மாவு அரைக்க மறுபடி முதல் கேட்டு வந்தார். பாக்கிக்காரியாக இருந்திருந்தால் தெருவில் எங்களைக் கண்டு ஒதுங்கிப் போயிருப்பார்.

எட்டாம் படி: குழுவாக்கி, வங்கியோடு கோர்த்துவிடுங்கள்

நம் கையை மட்டும் நம்பி ஒரு வீடு இருக்கக் கூடாது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழுவாக அவர்கள் மாற வேண்டும். தமிழ்நாட்டில் இந்த முறை 1989-ல் தருமபுரியில் தொடங்கியது, 1992-லிருந்து ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு வழியாக மற்ற வங்கிகளோடு இணைந்தது. ஏற்கெனவே ஊரில் குழு இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதில் சேர்த்துவிடுங்கள். தவறாமல் கூடுவது, சேமிப்பது, உள்கடன் கொடுப்பது, திருப்புவது, கணக்கு எழுதுவது, இந்த ஐந்தும் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கி பேசும். எங்கள் முதல் கணக்கில் வாங்கித் திருப்பிய நோட்டை ஒரு பெண் வங்கி மேலாளர் மேசையில் வைத்தபோது, அவர் அதைப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

குன்றக்குடியில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஆதீனத் தலைவராக இருந்து 1995-ல் மறைந்த தவத்திரு குன்றக்குடி அடிகளார், மடத்தின் வாசலிலிருந்து கிராமத் திட்டமிடலை நடத்திக் காட்டினார். கூட்டுறவுச் சங்கங்களும் சிறுதொழில்களும் வந்தன. பக்கத்துக் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவையும் ஊருக்குக் கொண்டுவந்தார். அந்த ஆய்வு நிறுவனமே வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து 1953-ல் திறக்கப்பட்டது. மடமும் ஆய்வகமும் கூட்டுறவுச் சங்கமும் ஒரே ஊருக்காக உட்கார்ந்து பேசியதுதான் எனக்கு இன்றும் பாடம். நம் குழுவும் அழகப்பா பல்கலைக்கழகத்தையோ, வேளாண் அலுவலகத்தையோ, மகளிர் திட்ட அலுவலகத்தையோ தேடிப்போய்க் கேட்கலாம். கேட்டால் வருகிறார்கள்.

ஒன்பதாம் படி: சட்டம்

சுருக்கமாகச் சொல்கிறேன், விவரத்துக்கு ஆடிட்டரைப் பாருங்கள். வசூல் வளர்ந்தால் அறக்கட்டளையாகவோ, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ச் சங்கமாகவோ பதியுங்கள். தனிநபர் கணக்கில் பணம் வாங்கவே கூடாது. நன்கொடையாளர் வரிவிலக்குக் கேட்டால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்கு அது கிடைக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நம் ஊருக்குக் குறிப்பாக ஒன்று. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் உறவினர் அனுப்பும் பணம். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு, 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. நம் சித்தப்பா மகன்தானே என்று வாங்கிவிடாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

அறநிலையத் துறைக் கோயிலாக இருந்தால் உண்டியலுக்கும் நம் வசூலுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. கோயில் வாசலில் மேசை போடுவதற்கும் அனுமதி எழுதி வாங்குங்கள்.

பத்தாம் படி: விலகும் நாள்

ஒவ்வொரு வீட்டுக்கும் பேரேட்டின் முதல் வரியில் ஒரு தேதி எழுதுகிறோம், நாங்கள் விலகும் தேதி. பெரும்பாலும் 18 மாதம். வயதான தனியாள், படுத்த படுக்கை, மனநலம் குன்றியவர் இருக்கும் வீடு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவர்கள் சோற்றுக் கணக்கில் ஆயுள் வரைக்கும் இருப்பார்கள். தொழில் செய்யச் சொல்லி அவர்களை அலைக்கழிப்பது கொடுமை.

விலகலாமா என்று எதை வைத்துப் பார்ப்பது? வருமானம் கூடியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மறுபடி கோலமாவில் 12 கட்டம் போடுங்கள். முன்பு காலியாக இருந்த ஐப்பசியில் இப்போது கொட்டை இருக்கிறதா? போன முறை கடன் வாங்கிய மாதத்தில் இந்த முறை வாங்காமல் இருந்தாரா? ஒரு மருத்துவச் செலவு வந்தால் 15 நாள் தாங்க முடியுமா? மூன்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் அந்தத் தேதியிலேயே விலகுகிறோம். இல்லையென்றால் 6 மாதம், ஒரே ஒருமுறை, நீட்டிக்கிறோம்.

ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தொகை (ஆண்டு முடிவுக் கணக்கு) எடுத்து, பொதுவில் வாசிக்கிறோம். வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். வாங்கியவர் பெயரைப் படிப்பதில்லை, தொகையை மட்டும் படிக்கிறோம். கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. போன பங்குனியில் முதல் கேள்வி கேட்டது கொட்டான் முடையும் அந்த அம்மாதான். "சோத்துக் கணக்குல வாடகைப் பாத்திரம்னு 900 ரூவா போட்டிருக்கீங்களே, கோயில்லயே அண்டா இருக்குல்ல?" என்றார். இருந்தது. யாரும் கேட்டு வாங்கவில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி புது நோட்டு இரண்டுக்கும் மஞ்சள் தடவி, போன ஆண்டின் கைமீதியை முதல் பக்கத்தில் ஏற்றினோம். சோற்று நோட்டின் இரண்டாவது வரி: "அண்டா, கோயிலில் இருந்து. வாடகை இல்லை."